நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன்: உறைதல் ரிப்போர்ட்டை எங்கே தப்பாகப் படிக்கிறோம்?

லேப் டெக்னீஷியன்:
லோபெக்டமிக்கு (நுரையீரலின் ஒரு மடலை வெட்டி எடுப்பது) வருகிறவர்களின் பி.டி., ஏ.பி.டி.டி. (இரண்டும் ரத்தம் உறைய ஆகும் நேரம்), ஃபைப்ரினோஜென் (உறைதலுக்கான புரதம்), டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கு) எல்லாம் நீல மூடி டியூபில்தான் வரும். அதில் இருப்பது 3.2% சோடியம் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் வைப்பது. 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு 2.7 மி.லி. ரத்தம், அதாவது கோடு வரைக்கும் நிறைய வேண்டும். குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் நாங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஏ.பி.டி.டி. நீண்டுவிடும், கோளாறு நோயாளியிடம் இல்லை, டியூபில். பட்டர்ஃபிளை ஊசியில் எடுக்கும்போது குழாயில் நிற்கும் காற்றே இந்தக் குறையை உண்டாக்கும். முதலில் ஒரு டியூபில் ரத்தம் பிடித்து அதைக் கழித்துவிடுங்கள். ஊதா மூடி (ஈ.டி.டி.ஏ.) டியூபுக்குப் பிறகு நீலம் எடுப்பதும், ஹெபாரின் (உறைதலைத் தடுக்கும் மருந்து) விட்ட லைனிலிருந்து எடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஏ.பி.டி.டி. 4 மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். ஹெபாரின் ஓடுகிறவருடையது என்றால் 1 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் ஏற வேண்டும்.

டி-டைமரில் யூனிட் பாருங்கள், எஃப்.இ.யு., டி.டி.யு. என்று இரண்டு உண்டு. எஃப்.இ.யு. கணக்கில் 500 நானோகிராம்/மி.லி. என்பது டி.டி.யு. கணக்கில் சுமார் 250. வெளி லேபில் 400 டி.டி.யு., இங்கே 800 எஃப்.இ.யு. என்றால் ஒன்றும் ஏறவில்லை. எண் ஏறிவிட்டது என்று இதற்காகவே டாப்ளர் (கால் சிரையில் உறைகட்டி பார்க்கும் ஸ்கேன்) எழுதி அனுப்புகிறார்கள்!

மயக்க மருந்துப் பிரிவு:
சார் சொன்ன யூனிட் குழப்பம் பாதி. மீதிப் பாதி, அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது. புற்றுநோய்க் கட்டியே டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தை வெளிவிட்டு உறைதலைத் தூண்டும். அடினோகார்சினோமா என்ற வகையில், குறிப்பாக ஏ.எல்.கே. மரபணு மாற்றம் உள்ளவர்களில், இந்தப் போக்கு அதிகம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே டி-டைமர் உயர்ந்திருப்பது சகஜம். 50 வயது தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி டி-டைமர் எல்லையாக (எஃப்.இ.யு.) வைக்கும் கணக்கு, சந்தேகம் குறைவாக உள்ளவரிடம் உறைகட்டி இல்லை என்று சொல்ல வந்தது. இங்கே அதை நம்பிச் சாய முடியாது. ஒரு கால் மட்டும் வீக்கமா, மூச்சு திடீரென மோசமானதா என்று கேட்டு டாப்ளருக்கு அனுப்புவதே மேல்.

ஆபரேஷனுக்குப் பின் இன்னும் சிக்கல். காயம் ஆறும்போது ஃபைப்ரின் உருவாகிக் கரைந்துகொண்டே இருப்பதால் எல்லோருக்கும் டி-டைமர் ஏறும். ஃபைப்ரினோஜெனும் வழக்கமான 200–400 மி.கி./டெ.லி. எல்லையைத் தாண்டும், அது அழற்சியின் எதிரொலி. மூன்றாம் நாள் சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) திடீரென விழுந்தால் டி-டைமர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது வீண். நேராக நுரையீரல் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்).

இடது மேல் லோபெக்டமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வெட்டிய நுரையீரல் சிரையின் அடிக்கட்டை நீளமாக நிற்கும். ரத்தம் தேங்கி அதற்குள்ளேயே உறையலாம். அது இதயத்தின் இடப்பக்கம் திறப்பதால், கழன்றால் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போகும். கால் டாப்ளர் சுத்தமாக இருக்கும், டி-டைமர் எதையும் சொல்லாது. பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ உடனே பக்கவாத அவசரம், கான்ட்ராஸ்ட் சி.டி.யில் அந்த அடிக்கட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொராசிக் வார்டு சிஸ்டர்:
டாக்டர், உறைகட்டியைத் தடுக்கும் ஊசி பக்கம் நான் சொல்கிறேன். உறைகட்டி அபாயத்தை மதிப்பிடும் காப்ரினி ஸ்கோரில் புற்றுநோய் 2, 45 நிமிடத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன் 2, வயது 61–74 என்றால் 2. வேறெதுவும் இல்லாமலே 6. வழக்கம் எனாக்ஸாபரின் (ஹெபாரின் வகை ஊசி) 40 மி.கி. தினம் ஒன்று, அபாயம் அதிகமானவர்களுக்கு வீட்டிலும் தொடர்ந்து நான்கு வாரம் வரை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரக வேலைத்திறன்) 30 மி.லி./நிமிடத்துக்குக் கீழே என்றால் அளவை மாற்றக் கேளுங்கள். எபிடியூரல் (வலிக்கு முதுகில் வைக்கும் கதீட்டர்) இருந்தால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்தே கதீட்டரை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு குறைந்தது 4 மணி நேரம் அடுத்த ஊசி கூடாது. ஐ.என்.ஆர். (பி.டி.யிலிருந்து கணக்கிடும் எண்) பார்த்து இந்த ஊசியை அளக்க முடியாது, சிலர் இன்னும் கேட்கிறார்கள்.

பிளேட்லெட்டை மறக்காதீர்கள். 4,20,000 இருந்தவருக்கு ஏழாம் நாள் 1,80,000 வந்தால் ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இருக்காது. ஆனால் பாதிக்கு மேல் சரிந்திருக்கிறது. ஹெபாரின் தொடங்கிய 5 முதல் 10 நாளில் இப்படி என்றால் ஹெபாரினே பிளேட்லெட்டை அழிக்கிறதா என்று சந்தேகப்பட்டு, அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். பழைய எண்ணைச் சார்ட்டில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: 40 மி.கி. சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது, மருந்து முழுசாக இறங்கத்தான் அது. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். தேய்த்தால் நீலம் பாரிக்கும்.