16 பேட் கன்ட்ரோலர்: ஒரு வரிசை செத்துப்போச்சு, ரெண்டு பேட் பலமா அடிச்சாத்தான் கேக்குது

கீழ்வரிசை

என்கிட்ட இருக்கறது பழைய யூஎஸ்பி பேட் கன்ட்ரோலர், விரலால தட்டி கம்ப்யூட்டர்ல டிரம் மாதிரி ஒலி வாசிக்கற பெட்டி. 16 பேடுக்கும் ஒரே ரப்பர் ஷீட், அடியில எஃப்எஸ்ஆர் ஷீட் (அழுத்தினா ரெசிஸ்டன்ஸ் குறையற சென்சார்). 1 முதல் 4 வரைக்கும் கீழ் வரிசை முழுக்க நோட்டே வரலை. 7, 11 ரெண்டும் ஓங்கி அடிச்சாத்தான் ஒலிக்குது, வெலாசிட்டி (அடியோட பலத்தைக் காட்டற எண்) 40-ஐத் தாண்ட மாட்டேங்குது. 14-ஐ ஒரு தட்டு தட்டினா ரெண்டு நோட். ஃபுல் லெவல் (எப்படித் தட்டினாலும் முழு பலத்துல ஒலிக்க வைக்கற வசதி) ஆஃப்லதான் இருக்கு, மிடி மானிட்டர்லயும் (வர்ற நோட்டைக் காட்டற மென்பொருள்) பார்த்தாச்சு. ரப்பருக்கு அடியில இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொல்லி நிறைய வீடியோ இருக்கு. அதைச் செய்யட்டுமா, ஷீட்டையே மாத்தணுமா?

ஓம்மீட்டர்

டேப்பை இப்போ தொடாதீங்க. உங்ககிட்ட இருக்கறது மூணு தனித்தனிக் கோளாறு.

நாலு பேடும் சேர்ந்து போனா அது பெரும்பாலும் சென்சார் இல்லை. பேடுகளை வரிசை (கிடை), பத்தி (நெடுக்கு) லைன்களா ஸ்கேன் பண்றாங்க. ஒரு வரிசை லைன் அறுந்தா நாலும் ஒண்ணா போகும். யூஎஸ்பியைக் கழட்டிட்டு, அடி மூடியைத் திறந்து, ஷீட்டோட வால் (அதுல இருந்து நீளற பட்டை) கனெக்டர்ல ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. லாக் இருந்தா முதல்ல அதைத் தூக்கிட்டு வாலை எடுங்க, வெறுமனே இழுத்தா சில்வர் இங்க் கோடு கிழியும். முனையை அழிரப்பரால தேய்க்கச் சொல்வாங்க, கேக்காதீங்க, கார்பன் பூச்சு உரிஞ்சிடும். துணியில துளி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு தடவை துடைச்சாப் போதும். வால் மடியற இடத்துல விரிசல் தெரிஞ்சா சில்வர் கண்டக்டிவ் பெயின்ட். சால்டரிங் அயர்னைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க, பாலியெஸ்டர் ஷீட் உருகிடும்.

7-க்கும் 11-க்கும் அளந்து பார்த்துத்தான் சொல்லணும். வால் கழன்ற நிலையில, பேடை அழுத்தினதும் எந்த ரெண்டு பின்னுக்கு நடுவுல ரெசிஸ்டன்ஸ் இறங்குதோ அதுதான் அந்த பேடோட ஜோடி. 12 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு ஒண்ணை பேட் நடுவுல வச்சு, அது மேல அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சு நிறுத்துங்க. 10 வினாடி கழிச்சு ரீடிங் எடுங்க. எஃப்எஸ்ஆர் நிலையா ஒரு இடத்துல நிக்காது, எடை மேல இருக்க இருக்க மெல்ல இறங்கிட்டே போகும். அதனால எல்லா பேடுக்கும் அதே 10 வினாடி. அப்புறம் ரப்பர் ஷீட்டை எடுத்துட்டு சென்சார் மேலயே நேரா வச்சு இன்னொரு தடவை அளங்க.

டிரிகர்

14 பத்தி: ஒரே அடியில ரெண்டு நோட் வந்தா முதல்ல த்ரெஷோல்டை (இதைத் தாண்டினாத்தான் நோட்னு வச்சிருக்கற வரம்பு) ஏத்திப் பாருங்க. அதுல அடங்கலைன்னா ரப்பருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல துகள் ஏதாவது கிடக்கும், இல்லை மூலை ஸ்க்ரூ ஒண்ணு அதிகமா இறுகியிருக்கும். தொடாம இருக்கும்போதே கொஞ்சம் அழுத்தம் விழுந்தா, அடிச்ச கை எடுத்ததும் அளவு த்ரெஷோல்டுக்குக் கீழ சுத்தமா இறங்காது. ரப்பர் துள்ளினா ரெண்டாவது நோட். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா, விரல் பலத்துக்கு மட்டும் முடுக்குங்க.

ஷீட்டை ஆல்கஹால் ஊத்திக் கழுவச் சொல்றவங்களும் உண்டு. சிலிக்கான் அடியில கார்பன் வில்லை நேரா பிசிபி (சர்க்யூட் போர்டு) தடத்தைத் தொடற வகைக்கு அது சரி. எஃப்எஸ்ஆர் ரெண்டு படலம் ஒட்டினது. உள்ள இருக்கற காத்து வெளியேற ஒரு சின்ன வழி விட்டிருப்பாங்க, திரவம் அது வழியா இறங்கினா சென்சார் போச்சு. ஃபெவிக்விக் மாதிரி பசையும் ஆகாது. எலக்ட்ரானிக் டிரம்ல இருக்கற பியசோ பேடுக்கு இது எதுவும் பொருந்தாது, அது அதிர்வைப் பிடிக்கற வேற சாமான்.

கீழ்வரிசை

வாலைத் துடைச்சுத் திரும்பச் சொருகினதும் 1–4 வந்துடுச்சு. மேல் வலது மூலை ஸ்க்ரூவைத் தளர்த்தினதும் 14 சரி. அளவு: நல்ல பேடெல்லாம் 3 முதல் 4 கிலோ ஓம், 7-ல 19, 11-ல 16. ரப்பர் இல்லாம சென்சார் மேலயே வச்சா 7, 11 ரெண்டும் 3.5 பக்கத்துல வருது.

ஓம்மீட்டர்

அப்போ ஷீட் மாத்த வேண்டாம். சென்சார் நல்லா இருக்கு, அந்த ரெண்டு இடத்துலயும் ரப்பரோட அடிக்குமிழ் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கு. டேப் போட வேண்டிய கோளாறு இதுதான். பேடை முழுசா மூடாதீங்க. நடுவுல 12 மில்லிமீட்டர் சதுரம், ரப்பரோட அடிப்பக்கம் ஒட்டுங்க, ஷீட் மேல வேண்டாம். சின்னச் சதுரம்னா விழற விசை சிதறாம சென்சார் நடுவுலயே இறங்கும். ஒரு அடுக்கு, அளவு, அடுத்த அடுக்கு. மூணுக்கு மேல தேவைப்பட்டா மெல்லிசான கார்க் துண்டுக்கு மாறிடுங்க. பிவிசி டேப் பசை வெயில் காலத்துல இளகி நகரும், காப்டன் டேப் நகராது.

எல்லா ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினதும், கை படாம ஒவ்வொரு பேடும் 1 மெகா ஓமுக்கு மேல காட்டணும். குறைஞ்சா ஒரு அடுக்கை உரிச்சுடுங்க. இல்லைன்னா ஆஃப்டர்டச் (தட்டின பிறகும் அழுத்தற அளவை அனுப்பற சிக்னல்) சும்மாவே ஓடிட்டிருக்கும், ஒரு பேடைத் தட்டினா பக்கத்து பேடும் சேர்ந்து ஒலிக்கும்.

டிரிகர்

இன்னும் மெல்லிய தட்டு வேணும்னா புல்-டவுன் ரெசிஸ்டரை (சென்சாரோட சேர்ந்து வோல்டேஜைப் பிரிக்கற ரெசிஸ்டர்) மாத்தலாம், போர்டுல 10 கிலோ ஓம் இருந்தா. 5 வோல்ட்ல, 30 கிலோ ஓம் காட்டற லேசான தட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டா 1.25 வோல்ட், 22 போட்டா 2.1, 47 போட்டா 3.05. ஆனா 1 கிலோ ஓம் வரைக்கும் இறங்கற பலமான அடிக்கு மூணுமே 4.5-லிருந்து 4.9-க்குள்ளதான். 47 போட்டா நடுத்தர அடிக்கும் பலமான அடிக்கும் வித்தியாசமே தெரியாது. 22-ஓட நிறுத்திக்கங்க. எனக்குக் கேட்டா, டேப் போட்டு ஒரு வாரம் வாசிச்சுட்டு அப்புறம் இதைத் தொடலாம்.