ரை ஊர் மெர்மெய்ட் இன்: அப்பா அம்மாவோடு வார இறுதிக்குப் போகலாமா?

செந்தாழை:
அப்பாவும் அம்மாவும் லண்டன் வந்திருக்காங்க. சனி, ஞாயிறு அசல் ஆங்கிலேயப் பாணி பழைய விடுதியில தங்கவைக்க ஆசை. கிழக்கு சசெக்ஸ், ரை ஊர்ல உள்ள மெர்மெய்ட் இன் பார்த்து வச்சிருக்கேன். அப்பாவுக்கு மூட்டுவலி. கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கரிசல்காட்டான்:
யோசிக்காம போங்க. நிலவறை 1156-ல கட்டினது. 1377-ல பிரெஞ்சுக்காரங்க ஊரைக் கொளுத்தினாங்க. 1420-ல திரும்ப எழுப்பின விடுதி அது. கறுத்த ஓக் உத்தரம், பார்ல ஒரு பக்கச் சுவரையே அடைச்சுக்கிட்டு நிக்கிற கணப்பு. இதையெல்லாம் புதுசா யாரும் கட்டித் தர முடியாது.

நீலவானம்:
நான் வேண்டாம்னுதான் சொல்வேன். நாங்க தங்கினது வேற ஒரு பழைய விடுதி. தரை ஒரு பக்கமாச் சரிஞ்சு, கட்டில் கால் ரெண்டுக்கு அடியில மரத்துண்டு முட்டுக் கொடுத்திருந்தாங்க. குளியலறைக்கு இருட்டுல ரெண்டு படி இறங்கணும். ராத்திரி முழுக்க அம்மா என்னை எழுப்பிக்கிட்டே இருந்தாங்க. ஜன்னல் இடுக்குல குளிர்காத்து வேற.

கரிசல்காட்டான்:
ஜன்னலை மாத்தாதது அலட்சியம் இல்லைங்க. பாரம்பரியப் பட்டியல்ல உள்ள கட்டடத்தை அனுமதி இல்லாம மாத்தினா, 1990 சட்டப்படி அது கிரிமினல் குற்றம். நாம கட்டுற வாடகையிலதான் அந்த உத்தரம் இன்னும் நிக்குது. மியூசியத்துல கயிறு கட்டித் தள்ளி நிக்க வைப்பாங்க. இங்க படுத்து எழுந்திருக்கலாம்.

நீலவானம்:
மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செஞ்சு தரணும்னு சொல்ற 2010 சமத்துவச் சட்டமும் இருக்கே. லிஃப்ட் வைக்க முடியலைன்னா கீழ்த்தள அறை, பிடிச்சு ஏற ஒரு கைப்பிடி, படி இருக்குன்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை. பழமையைக் காரணம் காட்டி இதுல இருந்தெல்லாம் நழுவக் கூடாது.

அப்புறம் அந்த ஹாக்ஹர்ஸ்ட் கும்பல். துப்பாக்கியை மேசையில வச்சுக்கிட்டு மெர்மெய்ட்ல குடிச்ச கடத்தல்காரங்கன்னு ஊரே ரசிச்சுச் சொல்லுது. 1748-ல கேலிங்கிற சுங்க ஊழியரையும், சாட்சி சொல்லப் போன சேட்டர்ங்கிற செருப்புத் தொழிலாளியையும் கடத்தல்காரங்க சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க. அந்தக் கும்பலோட ஆளுங்களுக்கும் அதுல கை உண்டு. சேட்டரைக் கிணத்துல தள்ளி மேல கல்லைப் போட்டாங்க. இதை எப்படி ரசிக்கிறது?

கரிசல்காட்டான்:
கொலைக்கு யாரும் வக்காலத்து வாங்கல. ஆனா கடத்தல் ஏன் தழைச்சுது? தேயிலை வரி அப்படி. 1784-ல 119 சதவீதத்துல இருந்து 12.5 ஆக் குறைச்சதும் அந்தத் தொழில் படுத்துப்போச்சு. கடத்தல் தேயிலையை வாங்கிக் குடிச்சது சாதாரண சனங்கதான். அதையும் சேர்த்துச் சொல்லணும்.

நீலவானம்:
சொல்லட்டும், சேட்டரோட பேரையும் சேர்த்து.

வேம்பு:
செந்தாழை, மெர்மெய்ட் இருக்கிற தெரு மேடு, முழுக்க உருண்டைக் கல். மழை பெஞ்சா வழுக்கும். மூட்டுவலிக்கு விடுதியை விட அதுதான் பிரச்சினை. ரயில்னா செயின்ட் பாங்க்ராஸ்ல ஏறி ஆஷ்ஃபோர்டுல மாறணும். காலைத் தட்டுல கறுப்பா வட்டமா வைக்கிற பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்துல செய்றது, அம்மாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

நீலவானம்:
போன் பண்ணிக் கேளுங்க. அறை எந்தத் தளம், குளியலறைக்குப் படி உண்டா, வாசல் வரைக்கும் கார் வருமா. நேரான பதில் வரலைன்னா அட்வான்ஸ் கட்டாதீங்க.