பிஎஸ்சி மூன்றாமாண்டில் ஆராய்ச்சி புரபோசல் எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

கொள்ளிடத்தான்:
வணக்கம். பிஎஸ்சி விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டர் பிராஜெக்டைத் தொடங்கும் முன் ஆளுக்கு நான்கு பக்கம் புரபோசல் எழுதித் தர வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நோக்கம், இதுவரை வந்த ஆய்வுகள், செய்முறை, காலத் திட்டம், செலவு எல்லாம் அதில் வர வேண்டும். நொச்சி இலைச் சாறு கொசுப் புழுவைக் கொல்லுமா என்பது என் தலைப்பு. கைடு இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த நேரத்துக்குச் சோதனையையே ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பிஎச்டி வரை போக ஆசை. வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, கேட்க ஆள் இல்லை. ஆராய்ச்சிக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: இது பின்னால் எதற்காவது உதவியதா, மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா?

மலைக்கோட்டை:
எங்கள் கல்லூரியில் முந்தைய வருஷத்துப் புரபோசலை வாங்கி, செடியின் பெயரை மாற்றிக் கொடுத்தோம். வைவாவில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எனக்கு ஒரு பயனும் இல்லை. எம்எஸ்சியில் சொந்தமாக எழுதச் சொன்னபோது திணறிப் போனேன்.

தட்டான்பூச்சி:
தம்பி, உன் தலைப்பைப் பார்த்ததும் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். நான் எழுதிய முதல் புரபோசலும் கொசுப் புழுவைப் பற்றித்தான். உனக்கு நொச்சி, எனக்கு ஆடாதொடை. சின்ன ஊர் அரசுக் கல்லூரி. இப்போது பெங்களூரில் போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த பிறகு ஆய்வு செய்பவர்) ஆக இருக்கிறேன்.

முதல் வரைவில் என் நோக்கம், 'டெங்குக் கொசுவை ஒழிக்கும் இயற்கை மருந்தைக் கண்டறிதல்'. என் கைடு மேடம் 'ஒழிக்கும்' என்ற சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் 'எத்தனை புழு?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. 'புழுக்கள் சேகரிக்கப்படும்' என்ற ஒரே வரியோடு அந்த விஷயத்தை முடித்திருந்தேன்.

தேடியதில் உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட கொசுப் புழுக்கொல்லிச் சோதனை வழிகாட்டி கிடைத்தது. ஒரு கோப்பைக்கு 25 புழு. ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது நான்கு கோப்பை. 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ண வேண்டும். வேறு வேறு நாட்களில் மூன்று முறை செய்ய வேண்டும். தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஐந்து செறிவு, ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு சேர்க்காத ஒரு கண்ட்ரோல்: ஒரு தடவைக்கு 600 புழு, மூன்று தடவைக்கு 1800. அத்தனை புழுவும் தன் வளர்ச்சியின் மூன்றாம் பருவத்தின் கடைசியிலோ நான்காம் பருவத்தின் தொடக்கத்திலோ இருக்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அள்ளினால் கியூலெக்ஸ், ஏடிஸ் என்று வேறு வேறு கொசு வகைகளின் புழு கலந்து வரும், வயதும் கலந்திருக்கும். அப்போதுதான் முட்டை வாங்கி நாமே வளர்க்க வேண்டும் என்று புரிந்தது. காலத் திட்டம் முழுக்க மாறியது. புழுவுக்குத் தீனியாக நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து போடுவார்கள், அதனால் செலவுப் பட்டியலில் நாய் பிஸ்கட்டும் ஏறியது. நோக்கமும் சுருங்கியது: ஆடாதொடை இலையிலிருந்து மெத்தனாலில் எடுத்த சாறு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவின் புழுவில் பாதியை 24 மணி நேரத்தில் கொல்ல எந்தச் செறிவு வேண்டும்? அவ்வளவுதான். இதை மூன்று மாதத்தில் ஒருத்தியால் செய்து முடிக்க முடியும்.

அடுத்த முறை, 'கண்ட்ரோல் கோப்பையில் என்ன ஊற்றுவாய்?' என்று கேட்டார். தண்ணீர் என்றேன். சாறு மெத்தனாலில் இருக்கிறதே, புழு மெத்தனாலால் சாகவில்லை என்று எப்படிச் சொல்வாய் என்றார். அதே அளவு மெத்தனால் கண்ட்ரோலிலும் சேர்ந்தது. இதைச் சோதனை முடிந்த பிறகு உணர்ந்திருந்தால் 1800 புழுவும் வீண்.

எனக்கு மறக்கவே முடியாதது முதல் நாள் முடிவு. செறிவு கூடக் கூடச் சாவும் அழகாகக் கூடியது. கண்ட்ரோலைக் கடைசியில் எண்ணினேன். 100 புழுவில் 31 செத்து அடியில் கிடந்தன. கண்ட்ரோலில் சாவு 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் அந்தச் சாவைக் கணக்கில் எடுத்து முடிவைச் சரிசெய்யும் அபாட் சூத்திரம் போட்டுத் திருத்தலாம், 20ஐத் தாண்டினால் அந்தச் சோதனையையே தள்ள வேண்டும். அந்த விதியை என் கையாலேயே புரபோசலின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். எழுதாமல் இருந்திருந்தால், அன்று சாயங்காலம் ஏதாவது காரணம் சொல்லி அந்த எண்களை வைத்துக்கொண்டிருப்பேன், சத்தியமாக. தள்ளிவிட்டேன். குழாயில் வந்த தண்ணீரைக் குளோரின் போக வைக்காமல் அப்படியே ஊற்றியதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் மறுபடி செய்தபோது கண்ட்ரோலில் 2தான் செத்தன.

இதற்குப் பிறகு பிஎச்டி நேர்காணலில், உன் முடிவு தவறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டார்கள். நான் அந்த 31 புழுவைச் சொன்னேன். இப்போது போன மாதம் எழுதிய நிதி விண்ணப்பத்திலும் அதே பகுதிகள்தான். 2023 சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினாலும் நோக்கம், செய்முறை, காலம், செலவு என்றுதான் கேட்பார்கள். பல லட்சம் கேட்கும் விண்ணப்பம், ஆனால் எத்தனை மாதிரி, ஏன் அத்தனை என்ற இடத்தில் இன்னும் மேடத்தின் பென்சில் எழுத்துதான் கண்ணில் நிற்கிறது.

மலைக்கோட்டை சொல்வதும் உண்மை. யாரும் படிக்காத புரபோசலால் ஒன்றும் ஆகாது. தம்பி, உன் கைடு இரண்டு முறை படித்துத் திருப்பியிருக்கிறார். அந்த மனிதரை விட்டுவிடாதே.

ஓக்மரம்:
அமெரிக்காவில் பிஎச்டி செய்கிறேன். இங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்ஐடி) 1969இலேயே மார்கரெட் மேக்விகார் தொடங்கிய இளங்கலை ஆய்வுத் திட்டத்தில் சேர, மாணவர் இன்றும் புரபோசல் எழுதித்தான் தர வேண்டும். என் லேபுக்கு வரும் இளங்கலை மாணவர்களிடம் முதலில் ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். எழுத முடியாத இடத்தில்தான் அவர்களுக்குப் புரியாத விஷயம் இருக்கும். பைப்பெட் பிடிக்க இரண்டு நாளில் கற்றுக்கொள்கிறார்கள், இதற்கு ஒரு வருஷம் ஆகிறது.

கொள்ளிடத்தான், நம் ஊரின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். எட்டு வாரம். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று 250 சொல்லுக்குள் எழுதக் கேட்பார்கள். கையில் இருக்கும் நான்கு பக்கத்தைச் சுருக்கினாலே போதும்.

கொள்ளிடத்தான்:
அக்கா, இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் நொச்சியோடு வேறு இரண்டையும் சேர்த்து மூன்று செடி, சாறு எடுக்க மூன்று கரைப்பான், ஐந்து செறிவு என்று வைத்திருந்தேன். கண்ட்ரோலைச் சேர்க்காமலே ஒரு தடவைக்கு 4500 புழு வருகிறது! கைடு ஏன் திருப்பினார் என்று இப்போது தெரிகிறது. நொச்சி மட்டும், மெத்தனால் மட்டும் என்று குறைத்துவிட்டேன். ஆனால் எந்த ஐந்து செறிவு எடுப்பது?

தட்டான்பூச்சி:
நல்ல கேள்வி. அதை இப்போதே ஊகித்து எழுதாதே. முதல் இரண்டு வாரத்தை முன்னோட்டச் சோதனைக்கு ஒதுக்கு. செறிவுகளை அகலமான இடைவெளியில் வைத்து ஒரு தடவை பார். அப்புறம் 10 முதல் 95 சதவீதம் வரை சாகும் எல்லைக்குள் நான்கைந்து அளவைத் தேர்ந்தெடு. இப்படித்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேன் என்று செய்முறையில் எழுதிவிடு. முட்டை எங்கே கிடைக்கும் என்று கைடிடம் நாளைக்கே கேள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். மூன்றாவது வரைவை இங்கே போடு, படித்துச் சொல்கிறேன்.