புதுப்பிப்பு: சகாக்களுக்கான படத் தொகுப்பு

கொழும்பில் எங்கள் அலுவலகச் சகாக்கள் அறிக்கைகளிலும் ஸ்லைடுகளிலும் எடுத்துப் பயன்படுத்த ஒரு படத் தொகுப்பு வரையப்போகிறேன், எதில் தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "ஆட்களில் தொடங்குங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தேன், நன்றி.

தலை, உடல், கை எல்லாம் ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் தனித்தனி கம்போனன்ட், அதாவது ஒருமுறை வரைந்து பல படங்களில் எடுத்து வைக்கக்கூடிய துண்டு. மூலத்தில் சேலையின் நிறத்தை மாற்றினால், அதை வைத்த எல்லாப் படங்களிலும் மாறிவிடுகிறது. ஓப்பன் பீப்ஸ் போன்ற இலவசத் தொகுப்புகள் அருமையானவைதான். ஆனால் எங்கள் கதைகளுக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவரும் வெள்ளவத்தைக் கடலோர ரயில் பாதையும் வேண்டும்.

படத்துக்குள் எழுத்தே வைப்பதில்லை. ஒரே படம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போக வேண்டுமே. எஸ்விஜியாக (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) எடுப்பதால் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கலங்குவதில்லை.

அப்புறம், எனக்குப் பெரிய சந்தோஷம்: வரையவே வராது என்றிருந்த கணக்குப் பிரிவு அக்கா, தானே ஆட்களை அடுக்கி ஒரு செலவுக் கதையை நாலு படத்தில் சொல்லிவிட்டார்!

தேடல்தான் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. "ஆட்டோ" என்றாலும் "முச்சக்கர வண்டி" என்றாலும் ஒரே படம் கிடைக்க, விவரக் குறிப்பில் இரண்டையும் எழுதி வருகிறேன். அடுத்து மழைவெள்ளக் காட்சிகள்.