டிப்ளமோ சிவில் முடித்தவர்களுக்கு 120 மணி நேர ஜிஐஎஸ் பயிற்சி: எதற்கு எவ்வளவு நேரம்?

(பயிற்சி நடத்தும் ஒருவர் கேட்கிறார், மூவர் பதில் சொல்கிறார்கள். பெயர்கள் எல்லாம் புனைபெயர்கள்.)

புலஎண்:
திண்டுக்கல் பகுதியில் சிவில் டிப்ளமோ முடித்த 20 பேருக்கு ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத்தையும் அதன் தகவல்களையும் கையாளும் முறை) பயிற்சி. மொத்தம் 120 மணி நேரம். 8 ஜிபி ரேம் கணினிகளில் கியூஜிஐஎஸ் என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருள், ஒரு டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி), வாடகைக்கு ஒரு டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) செட் இருக்கின்றன. கையில் கிடைத்த பாடத்திட்டங்களில் பாதிக்கு மேல் ரிமோட் சென்சிங் (செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது) தியரிதான். வேலைக்கு எடுப்பவர்களோ டிஜிட்டைசிங் (காகிதப் படத்தைக் கணினி வரைபடமாக்குவது), பிழை திருத்தம் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? டிரோன் சேர்க்கலாமா?

தீர்க்கரேகை:
முதல் 20 மணி நேரத்தை ஆயத்தொலை முறைக்கே (இடத்தை எண்களால் குறிப்பது) கொடுங்கள். திண்டுக்கல்லில் இதைச் சொல்லித் தருவது சுலபம். 78° தீர்க்கரேகை நகரத்தை ஒட்டியே போகிறது. யூடிஎம் என்பது பூமியை 6° அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை. அந்தக் கோட்டுக்கு மேற்கே யூடிஎம் 43 வடக்கு (மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32643), கிழக்கே 44 வடக்கு (32644). டிஜிபிஎஸ்ஸில் 43-இல் எடுத்த புள்ளிகளை 44 என்று சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். எல்லாம் 650 கி.மீ. தள்ளி வங்கக் கடலில் போய் விழும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

அடுத்தது நுணுக்கமான பிழை. மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் யூடிஎம்மில் 100 மீட்டர், 100.09 மீட்டராக நீளும். ஒரு ஹெக்டேருக்குப் பரப்பு 18 சதுர மீட்டர் போலக் கூடும். கியூஜிஐஎஸ்ஸில் 'டாலர் ஏரியா' ($area) என்பது புராஜெக்டில் எலிப்சாய்டு (பூமியின் வளைந்த வடிவம்) அமைத்திருந்தால் அதை வைத்துக் கணக்கிடும். வெறும் 'ஏரியா' ஃபங்ஷன் தட்டைக் கணக்கு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் போட்டுக் காட்டுங்கள்.

ஆஃப்செட்:
50 மணி நேரமாவது புலப்படத்தில் (ஒரு சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்) உட்கார வையுங்கள். வேலை இருப்பது அங்கேதான். ஒட்டியிருக்கும் பத்துப் பன்னிரண்டு சர்வே எண்கள் போதும். படத்தை ஸ்கேன் செய்து மேலே கோடு இழுக்க விடாதீர்கள். 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் கை பிசகினால் தரையில் ஒரு மீட்டர். ஜி லைனை (புலப்படத்தின் அடிப்படை அளவுக் கோடு) முதலில் போட்டு, ஆஃப்செட் (அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக உள்ள தூரம்) அளவுகளை எண்ணாக உள்ளிட்டே எல்லையைக் கட்ட வேண்டும்.

பிறகு டிஜிபிஎஸ்ஸோடு வயலுக்குப் போய், மூன்று புலங்கள் கூடும் இடத்துக் கற்களைத் தேடி அளக்கட்டும். கருவி இடத்தைத் துல்லியமாக உறுதி செய்ததைக் காட்டும் 'ஃபிக்ஸ்' திரையில் வந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். இன்னும் உறுதியாகாத 'ஃப்ளோட்' நிலையில் எடுத்தால் பல டெசிமீட்டர் தள்ளிப் போகலாம். ஜியோரெஃபரன்சுக்கு (படத்தைத் தரையில் உள்ள உண்மை இடத்தோடு பொருத்துவது) மூன்று கல் மட்டும் கொடுத்தால், முதல் படி பாலினோமியல் என்ற எளிய பொருத்தும் முறையில் பிழை பூஜ்யம் என்றே காட்டும். சரியாக இருப்பதால் அல்ல, சோதிக்க உபரிப் புள்ளி இல்லாததால். ஆறேழு கல் கொடுத்து, இரண்டைச் சரிபார்ப்புக்கு என்று தனியே வையுங்கள்.

கடைசியில் ஒவ்வொரு புலத்தின் பரப்பையும் 'அ' பதிவேட்டின் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) ஹெக்டேர்-ஏர் அளவோடு ஒப்பிட வேண்டும். எது ஏன் வேறுபடுகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் உண்மையான தேர்வு.

அட்ரிப்யூட்:
ஷேப்ஃபைலில் (பரவலாகப் புழங்கும் பழைய ஜிஐஎஸ் கோப்பு வகை) தமிழ் சேர்த்தால் வரும் சிக்கலையும் பாடத்தில் வையுங்கள். அதன் அட்டவணையில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட், உள்ளே எழுதும் எழுத்துக்கு 254 பைட் வரைதான் இடம். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட். 'கி' என்பதே இரண்டு குறி, அதாவது 6 பைட். உரிமையாளர் பெயர் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். கோப்பை அனுப்பும்போது எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி என்ற துணைக் கோப்பு விட்டுப்போனால் பெயர்கள் குப்பையாகத் தெரியலாம். ஆயத்தொலை முறையைச் சொல்லும் பிஆர்ஜே விட்டுப்போனால் இடமே தெரியாது. முதல் நாளிலிருந்தே ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் பழக்கி, கேட்பவருக்கு மட்டும் ஷேப்ஃபைலாக மாற்றித் தரக் கற்றுக்கொடுங்கள்.

புலஎண்:
மிக்க நன்றி. தியரியை அடியோடு விட்டுவிடலாமா? டிரோன்?

தீர்க்கரேகை:
தியரியை வீட்டுக்கு அனுப்புங்கள் சார். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் (ரிமோட் சென்சிங் பயிற்சி நிறுவனம்) நடத்தும் இணையவழி வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது, சான்றிதழும் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதால் வாரம் ஒரு மணி நேரம் தமிழில் சந்தேகம் தீர்க்க ஒதுக்குங்கள்.

டிரோன் பறக்கவிடுவதை 120 மணி நேரத்துக்குள் திணிக்க வேண்டாம். ரிமோட் பைலட் சான்றிதழ், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் தனியாக வாங்க வேண்டியது. ஏற்கெனவே எடுத்த படங்களை 16 ஜிபி ரேம் உள்ள ஒரே கணினியில் ஆர்த்தோமொசைக் (பல படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்குவது) செய்து காட்டினால் போதும். பக்கவாட்டு ஓவர்லாப் (அடுத்தடுத்த வரிசைப் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் அளவு) 60 சதவீதத்துக்குக் கீழே போன படத்தொகுப்பு ஒன்றையும் வையுங்கள். தென்னந்தோப்புக்கு மேலே படம் எப்படிக் கிழிகிறது என்று தெரியட்டும்.