மலிவு ரூம் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குன்னூரில் அம்மா அறைக்கு ஒரு சின்ன ஃபேன் ஹீட்டர் வாங்கணும். ஆன்லைனில் 2000 வாட் ஹீட்டரே ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. அதில் கடைக்காரர் லாபம், கூரியர், வரி எல்லாம் போக தயாரித்தவருக்கு என்னதான் மிஞ்சும்?

எனக்குத் தெரிந்து உள்ளே பெரிதாக எதுவும் இல்லை: மைக்கா தகட்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி (சூடேறுவது இதுதான்), குட்டி மோட்டார், விசிறி, சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட், அதிகம் சூடானால் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ், மேலே பிளாஸ்டிக் கூடு. சீனாவில் நிங்போ பக்கம் சிஷி மாதிரி ஊர்களில் இந்தத் தொழிலே குவிந்து கிடப்பதால் உதிரிபாகமும் மலிவுதான், சரி. வெப்பத்திலும் ஏமாற்ற வழியில்லை, நிஜமாகவே 2000 வாட் இழுத்தால் விலை எதுவானாலும் வரும் சூடு ஒன்றுதான் (விளம்பரத்தில் வரும் 400 வாட் குட்டி ஹீட்டர் முழு அறையையும் சூடாக்கும் என்பதெல்லாம் கதை).

அப்போ காசு மிச்சம் பிடிப்பது வயரிலும் ஃபியூஸிலும்தானோ என்பதுதான் என் பயம், ஏனென்றால் 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது.

ரிப்பேர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எந்தப் பாகம் முதலில் போகும்? ஐஎஸ்ஐ முத்திரை தவிர வாங்கும்போது வேறு எதைப் பார்க்கணும்? அம்மா ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார், அதனால் கவிழ்ந்தால் தானாக அணையும் மாடல் இருந்தால் விலை கூடினாலும் பரவாயில்லை.