ஆர்53 கிராங்க் புல்லி மறுபடியும் போச்சு, எதைப் போடுவது?

கெந்திங் ஏற்றத்தில், கிராங்க் புல்லி (கிராங்க் தண்டின் முனையில் இருந்து பெல்ட்டைச் சுற்றும் சக்கரம்) ஓட்டும் பெல்ட் பிய்ந்து, வண்டி செந்தூல் பட்டறையில் கிடக்கிறது. மினி கூப்பர் எஸ், ஆர்53, 2004 மாடல். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி) புல்லி ஒரிஜினலைவிட 15% சிறியது.

தீபாவளிக்கு முன்பே ஐடிலில் அதிர்வு, ஏர்கான் போட்டால் கீச்சுச் சத்தம். பெல்ட், டென்ஷனர் மாற்றியாச்சு. புது பெல்ட்டின் ஓரமும் நார் நாராக வந்தது. ஃபோர்மன் கிராங்க் புல்லியின் நடுவிலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். பங்சார் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு விரலளவு விலகியிருந்தது. நடுவுக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் உள்ள ரப்பர் விட்டுப்போயிருக்கிறது. மாற்றிப் போட்ட மலிவு புல்லியும் பொங்கல்வரைகூடத் தாங்கவில்லை. இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே சூப்பர்சார்ஜர்தான். பெல்ட் போனால் சூடு ஏறிவிடும், பயமாக இருக்கிறது.

ரப்பர் இல்லாத முழு உலோகப் புல்லி அதிர்வை அடக்காது, கிராங்குக்கு ஆகாது என்கிறார் ஃபோர்மன். கேஎல்லில் 15% புல்லியோடு ஓட்டும் அண்ணன்மார்களே, நீங்கள் எந்த டேம்பர் (அதிர்வை அடக்கும் கிராங்க் புல்லி) போட்டிருக்கிறீர்கள்?